இறுகாத ஒரு முழம்

கலவை மெஷின் இரண்டு தடவை விக்கியது, ஒரு தடவை இருமியது, அப்புறம் செத்துப் போனது.

மேலே, பாதி போட்ட கூரைத் தளத்தின் ஓரத்தில் பலகை மீது குந்தியிருந்த கிராம் அக்கா, கையிலிருந்த கேக் டின்னை அப்படியே போட்டுவிட்டு ஏணியில் இறங்கினாள். இறங்கினாள் என்று சொல்வது மரியாதைக்காக. கடைசி நாலு படிகளை அவள் கால் தொடவே இல்லை.

"மேஸ்திரி! என்ன ஆச்சு?"

"மூச்சு நின்னுடுச்சுக்கா." மேஸ்திரி மெஷினின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பல்சக்கரம் தெறிச்சுப் போச்சு. உள்ளே ஒரு லோடு முழுசாக் கிடக்கு. இனிமே இது பழைய இரும்புக் கடைக்குத்தான்."

வெயில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. கிராம் அக்கா அண்ணாந்து பார்த்தாள். போட்ட பாதி ஈரம் மினுங்கக் கிடந்தது. போடாத பாதி வெறும் கம்பிக் கூடாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

தளம் என்பது ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டிய சமாச்சாரம். நடுவில் நிறுத்தினால் போட்ட பாதி தன் பாட்டுக்கு இறுகிக்கொள்ளும். அப்புறம் மீதியைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் ஒட்டினால், அது கிழிந்த சட்டைக்குப் போட்ட ஒட்டுதான். வீட்டுக்காரர் கண்ணுக்கு அந்த ஒட்டு தெரியாது. மழைத் தண்ணீரின் கண்ணுக்குத் தெரியும். நேராக அங்கே வந்து கதவைத் தட்டும்.

"என்ன பாப்பா, வண்டி நின்னுடுச்சா?"

குரல் வந்த திசையில் அவள் திரும்பவில்லை. திரும்பாமலே தெரியும். சுவர் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அண்ணன், அண்ணன் கையில் இனிப்பில்லாத டீ. காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்து அவள் தளம் போடுவதை சினிமா பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் கட்டிட கான்ட்ராக்டர். ஊரில் பாதிக் கட்டிடம் தன்னால் எழுந்தது என்பார். மீதிப் பாதியைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு கட்டிடமா?" என்பார்.

"என் யார்டுல மூணு மிக்சர் சும்மா நிக்குது" என்றார் அண்ணன். "ஒரு வார்த்தை கேளு. நீ மூச்சு விட்டு வாங்கறதுக்குள்ள வந்து நிக்கும்."

"வேண்டாம்."

"கேட்டா என்ன, நாக்கு தேஞ்சு போயிடுமா?"

"நாக்கு தேயாது. என் அடுப்பு அறை தேஞ்சு போயிடும்."

அண்ணன் சிரித்தார். பந்தயம் அப்படி.

கிராம் அக்காவுக்குத் தொழில் கேக் செய்வது. வாடகை வீட்டு மாடியில், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய சமையலறையில், இத்தனை வருஷமாக ஊருக்கே பிறந்தநாள் கொண்டாடிக் கொடுத்தவள். கீழ்வீட்டுக்காரம்மாவுக்குத் தலைவலி வந்தால் அடுப்பை அணைக்க வேண்டும். அவருக்குத் தலைவலி வராத நாளே கிடையாது. அதனால் சொந்த வீடு என்றதும் அவள் முதலில் வரைந்தது படுக்கையறையை அல்ல. தெருவைப் பார்த்த மாதிரி ஒரு அடுப்பு அறை, தனி வாசல், ஜன்னலோடு சேர்த்து ஒரு பலகை மேடை. மீதி வீட்டை அதற்குப் பின்னால் ஒட்டவைத்திருந்தாள்.

அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டு முகப்புல புகைபோக்கியா? பாக்கறவன் இது வீடா ரயிலான்னு கேப்பான். முன்னாடி ஹால் வைக்கணும், பாப்பா. நானே கட்டித் தரேன்."

"நானே கட்டிக்கறேன்."

"நீயா? சிமெண்ட்டுக்கும் மைதாவுக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?"

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், குடும்பம் மொத்தமும் சாட்சியாகப் பந்தயம் முடிவானது. அண்ணன் கை படாமல் அவள் கட்ட வேண்டும். தளம் போட்டு, தண்ணீர் நிறுத்தி, முட்டுக் கொடுத்த கம்பங்களை எடுக்கும் நாளில் கீழே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாவிட்டால், அண்ணன் ஆயுசுக்கும் அடுப்பு அறையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. ஒழுகினாலோ, அண்ணன் கை எங்கேயாவது பட்டாலோ, சாவி அண்ணனிடம். மீதி வீடு அவர் இஷ்டம். அடுப்பு அறை ஹாலாகிவிடும்.

"மச்சான் வாக்கு மாற மாட்டார்" என்றார் அவள் கணவர், கவலையோடு.

அதற்குப் பிறகு அவள் கட்டின விதம் இருக்கிறதே, மேஸ்திரி தன் இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வந்த செங்கல்லை ரொட்டியின் அடியைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டுவாள். 'டங்'கென்று மணி அடித்தால் உள்ளே. 'தொப்'பென்றால் வந்த லாரியிலேயே வெளியே. மணலை ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் மேலே சேறு தடிமனாகப் படிந்திருந்தால் அந்த மணலுக்கு விடைகொடுத்தாகிவிட்டது. கம்பி பலகையில் படக்கூடாது என்று அடியில் சின்னச் சின்ன சிமெண்ட் கட்டிகளை வைத்து, விரலை விட்டு இடைவெளி பார்த்தாள். கேக் தட்டில் ஒட்டினால் எப்படி உடையுமோ, கம்பி அடியில் ஒட்டினால் அப்படித் துருப்பிடித்துத் தளம் உதிரும் என்பது அவள் கணக்கு. தண்ணீரைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து ஊற்றினாள். அன்றிலிருந்துதான் கிராம் அக்கா என்ற பெயர்.

கேக் டின் விஷயமும் அதுதான். மேலே வந்து சேரும் கலவையில் கொஞ்சத்தை டின்னில் அடைத்துக் கவிழ்த்து, டின்னை மட்டும் தூக்குவாள். கலவை லேசாக உட்கார்ந்து, உருவம் கலையாமல் நின்றால் சரி. வழிந்து ஓடினால் எவனோ தண்ணீரைக் கூட்டிவிட்டான் என்று அர்த்தம். அந்த எவன் யார் என்று கண்டுபிடிக்கும் வரை தளத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கு, வாடகை மெஷினின் வயிற்றுக்குள் இருந்த பல்லைத் தட்டிப் பார்க்கத் தோன்றாமல் போய்விட்டது.

"ஏங்க!"

கணவர் சரிவு பார்க்கும் ரசமட்டத்தோடு ஓடி வந்தார். அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் மூக்குக்கு வில்லை தேய்த்துக் கொடுத்த கண். மயிரிழை சரிவைக்கூடப் பொறுக்க மாட்டார். வீட்டு வேலை ஆரம்பித்ததிலிருந்து ரசமட்டம் அவருக்கு ஆறாவது விரல்.

"ஸ்கூட்டரை எடுங்க. வேற மிக்சர் பிடிக்கணும்."

"இந்த வெயில்ல..."

"வெயில் தளத்துக்கும்தான் அடிக்குது!"

ஏறி உட்கார்ந்தபடியே கத்தினாள். "மேஸ்திரி, ஓரம் முழுக்க ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்க. உள்ளே இருக்கற லோடைக் கையால இறக்கி ஏதாவது பண்ணுங்க. காயவிட்டுடாதீங்க!"

"போயிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

"நானும் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன் நாற்காலியிலிருந்து. "பாக்கறதுல தப்பில்லையே? கண்ணுதானே படுது, கை படலையே?"

முதல் வாடகைக் கடையில் மெஷின் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. "எல்லாம் வெளியே போயிருக்கும்மா. இந்த மாசம் ஊரே தளம் போடுது" என்றான் கடைக்காரன். இரண்டாவது கடையில் மெஷின் இருந்தது, மோட்டார் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஊஞ்சல் வேண்டுமானால் ஆடலாம்.

மூன்றாவது, ஊர்க்கோடியில் இரும்புச் சாமான் கிடங்கு. கழுவித் துடைத்து, மாப்பிள்ளை மாதிரி ஒரு மிக்சர் நின்றுகொண்டிருந்தது. கிடங்குக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"அது நாளைக்கு வேற சைட்டுக்குப் போகுதும்மா. முடியாது."

"நாளைக்குத்தானே? இன்னிக்கு சாயங்காலமே கொண்டுவந்து விட்டுடறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நான் சாப்பிடப் போகணும்."

ஷட்டர் இன்னும் கொஞ்சம் இறங்கியது. கிராம் அக்கா குனிந்து உள்ளே பார்த்தாள். கல்லாவுக்கு மேலே ஒரு போட்டோ. பாவாடை சட்டையில் ஒரு சின்னப் பெண், அவள் முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு யானை. கேக் யானை.

"அந்த யானைக்குத் தும்பிக்கை நிக்கலைன்னு ராத்திரியெல்லாம் தவிச்சேன்" என்றாள் கிராம் அக்கா.

ஷட்டர் நின்றது. "அது நீங்க செஞ்சதா?"

"நான்தான்."

"அம்மா, தாயே!" கிடங்குக்காரர் வெளியே வந்துவிட்டார். "அந்த யானையை வெட்டக் கூடாதுன்னு என் பொண்ணு அழுத அழுகை உங்களுக்குத் தெரியாது. விருந்தாளிங்க எல்லாம் வெறும் வாயோட போனாங்க. நாங்க திருட்டுத்தனமா வாலை மட்டும்தான் தின்னோம்."

"வால் எப்படி இருந்துச்சு?"

"அதைச் சொல்லணுமா? அதுக்கப்புறம் யானையைப் பாத்தாலே எனக்கு எச்சில் ஊறுது." அவர் ஷட்டரை முழுசாகத் தூக்கினார். "மெஷினை எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒரு நிபந்தனை. அடுத்த பிறந்தநாளுக்கு, வெட்டினா யாருக்கும் பாவமா இல்லாத உருவமாப் பண்ணித் தரணும்."

"கான்கிரீட் மிக்சர் பண்ணித் தரேன்" என்றாள் கிராம் அக்கா. "இன்னிக்கு இருக்கற ஆத்திரத்துக்கு முதல் வெட்டு நானே வெட்டறேன்."

குட்டி லாரியின் பின்னால் மிக்சர் ஆடி ஆடி வர, முன்னால் ஸ்கூட்டர் பறந்தது. பின்சீட்டில் அவள் மனசு அதைவிட வேகமாகத் தளத்துக்குப் போய்விட்டிருந்தது. இவ்வளவு நேரம். இந்த வெயில். ஓரம் இந்நேரம் கல்லாகியிருக்கும். கண்ணை மூடினால் அடுப்பு அறை இருக்க வேண்டிய இடத்தில் அண்ணனின் ஹால் தெரிந்தது. அதில் ஒரு சோபாவும் தெரிந்தது. சோபாவில் அண்ணன்.

வந்து இறங்கியதும் ஏணியில் ஏறினாள். சாக்கைத் தூக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை அழுத்தினாள்.

விரல் இறங்கியது.

இன்னொரு இடத்தில் அழுத்தினாள். அங்கேயும் இறங்கியது. ஓரம் நெடுக ஒரு முழ அகலத்துக்குக் கலவை, அப்போதுதான் பிசைந்து வைத்த மாவு மாதிரி பச்சையாகக் கிடந்தது. அதைத் தாண்டி உள்பக்கமெல்லாம் நன்றாக இறுகத் தொடங்கிவிட்டிருந்தது.

"மேஸ்திரி! இது எப்படி?"

"அந்த லோடை ஓரத்துலயே பரப்பி விட்டோம்க்கா. மேல சாக்கு. அப்புறம்... வெயில் கொஞ்சம் இறங்கிடுச்சு பாருங்க" என்றார் மேஸ்திரி. அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

கேள்வி கேட்க நேரமில்லை. கிடைத்த வரத்துக்கு ஜாதகம் பார்ப்பார்களா? "போடுங்க! பச்சையா இருக்கற இடத்துல வைப்ரேட்டரை நல்லா விடுங்க, பழசும் புதுசும் கலக்கணும்!"

புது மெஷின் கடகடவென்று சிரித்துக்கொண்டே வேலை செய்தது. வெளிச்சம் மஞ்சளாகும் முன் கடைசிச் சட்டி கலவையும் ஏறிவிட்டது. கணவர் ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்து, தண்ணீர் வடிய வேண்டிய பக்கம் மட்டும் சரிவு, மற்றபடி குறையில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

அவள் கீழே வந்தபோது அண்ணன் முகத்தின் மேல் பேப்பரைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தார். கட்டைவிரலில் ஒரு துணிக் கட்டு.

"விரல்ல என்ன ஆச்சு?"

பேப்பருக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "உன் வீட்டுக் கதவு நசுக்கிடுச்சு."

"கதவே இன்னும் மாட்டலையே அண்ணா."

"அந்தக் கோபத்துலதான் நசுக்கிச்சு."

எல்லாருக்கும் டீ வந்தது. முதல் வாய் குடித்த மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். இரண்டாவது ஆளும் சுளித்தான். டீயில் இனிப்பே இல்லை. கிராம் அக்கா போய்ப் பார்த்தால், அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சர்க்கரை டப்பா மூடி வளைந்து, அடியில் நாலு மணி சர்க்கரையோடு இளித்துக்கொண்டிருந்தது. சாதாரணமாகத் திறக்கிற டப்பா அல்ல அது. கரண்டிக் காம்பைச் செருகி நெம்பினால்தான் வாயைத் திறக்கும்.

"காலையில முக்கால் டப்பா இருந்துச்சு! யார் வேலை இது?"

கணவரைப் பார்த்தாள். அவர் ரசமட்டத்தின் மேல் சத்தியம் செய்தார். வேலையாட்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதே" என்றார் அண்ணன். "எனக்கு டாக்டர் தடை போட்டிருக்கார். சர்க்கரைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

மறுநாள் காலையில் அவள் தளத்தில் ஏறினபோது, உடம்பில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது.

முதலில் போட்ட பாதி இறுகிக் கல்லாகியிருந்தது. கடைசியில் போட்டதும் இறுகியிருந்தது. நடுவே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, அந்த ஒரு முழம் மட்டும் இறுகவே இல்லை. கேக் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கும் மூங்கில் குச்சியைப் பையிலிருந்து எடுத்துக் குத்தினாள். குச்சி சுகமாக உள்ளே போய், சாம்பல் சகதியோடு வெளியே வந்தது.

அது போதாதென்று, அந்தப் பட்டையின் மேல் எறும்புச் சாரை. எங்கிருந்தோ வந்து, ஏணி வழியாக ஏறி, கல்யாண ஊர்வலம் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்வாங்க" என்றார் கணவர் தயங்கித் தயங்கி. "கல்லாகறதுக்கு முன்னாடியே ஊருது."

"வாயை வச்சுட்டுச் சும்மா இருங்க!" அவள் குச்சியை உதறினாள். "அந்த ஒரு மூட்டை சிமெண்ட் கெட்டதா இருக்குமோ? எல்லா மூட்டையிலயும் தேதி பாத்தேங்க. கையை உள்ளே விட்டுப் பாத்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு, ஒரு கட்டி இல்லை. எங்க தப்பு பண்ணேன்?"

யோசிக்கவில்லை. கீழே போய் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தாள். கெட்ட பல்லைப் பிடுங்குவது போல அந்தப் பட்டையை மட்டும் தோண்டி எடுத்துவிட்டு, புதுசாகப் போட வேண்டியதுதான். சுத்தியலை ஓங்கினாள்.

"பாப்பா! நிறுத்து!"

அண்ணன் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. படுக்கையிலிருந்து நேராக வந்தவர் மாதிரி இருந்தார்.

"தோண்டினா இருக்கற நல்ல பாதியும் அதிரும். விரிசல் விடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஒட்ட வைக்க முடியாது. கீழே போடு சுத்தியலை. என் கை படக் கூடாதேன்னு பாக்கறேன், இல்லேன்னா பிடுங்கியிருப்பேன்."

"உனக்கென்ன? ஒழுகினா உனக்குத்தானே கொண்டாட்டம்!"

"ஆமா, கொண்டாட்டம்தான். இருந்தாலும் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அடுப்புக்குள்ள கேக் வெந்துட்டிருக்கும்போது, நடுவுல கதவைத் திறந்து நோண்டிப் பாப்பியா?"

"மாட்டேன். உட்காந்து போயிடும்."

"அப்போ சாக்கைப் போட்டு மூடிட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு வந்து குத்திப் பாரு."

அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே சீட்டாட்டத்தில் அவளிடம் தோற்கிற முகம் அது. நல்ல சீட்டு வந்தால் புருவம் ஏறும், கெட்ட சீட்டு வந்தால் காது சிவக்கும். இப்போது புருவமும் ஏறவில்லை, காதும் சிவக்கவில்லை. தான் தோற்றால் லாபம் பெறப்போகிறவன் சொல்கிற புத்திமதியை நம்புவதா? நம்பாமல் உளியை இறக்குவதா? உளியை இறக்கிவிட்டால் திரும்ப ஏற்ற முடியாது. அது மட்டும் நிச்சயம்.

சுத்தியலைக் கீழே வைத்தாள். "நாளைக்கும் இறுகலேன்னா?"

"சாவியைத் தா, ஹாலுக்கு என்ன கலர் பெயிண்டுன்னு பேசுவோம்."

அன்றைக்கு அவள் செய்த கேக் எதுவும் உருப்படவில்லை. மூன்றில் ஒன்று கருகியது, ஒன்றில் உப்பு. மூன்றாவதைக் கணவர் பரிதாபப்பட்டுத் தின்றார்.

அடுத்த நாள் குச்சியோடு போனாள். எறும்புகள் பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டிருந்தன. மீதிப் பேர் ஏமாந்த முகத்தோடு சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள்.

'படக்'கென்று குச்சி முறிந்தது.

அவள் வாழ்நாளில் ஒரு குச்சி முறிந்ததற்காக அப்படிக் கூத்தாடியது அதுதான் முதல் தடவை. முறிந்த துண்டைக் கணவர் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

பிறகு தளத்தின் மேல் கலவையால் சின்னச் சின்ன வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தினார்கள். கான்கிரீட்டுக்கு வெந்த பிறகும் தாகம் உண்டு. குடிக்கக் கொடுத்தால்தான் உடம்பு தேறும். காகங்கள் குளிக்க வந்தன. அண்ணன் தினமும் தெருவில் நின்று, "என்ன பாப்பா, மீன் விட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முட்டுக் கம்பங்களை எடுக்கும் நாள் வந்தது.

பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மேலே தண்ணீர் தளும்பி நின்றது. கீழே கூரையின் அடிவயிறு முதன்முதலாக வெளிச்சத்தைப் பார்த்தது. கிராம் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கணவர் பார்த்தார். வில்லை தேய்த்த கண்ணால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"கோடுகூட இல்லை" என்றார் மெதுவாக. "பழசு எது, புதுசு எதுன்னே தெரியலை."

அண்ணன் நம்பவில்லை. டார்ச்சை வாங்கி அந்த ஒரு முழம் இருக்க வேண்டிய இடம் முழுக்க அடித்துப் பார்த்தார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். கையை நீட்டிக் கூரையைத் தடவப் போனவர், சட்டென்று நிறுத்திக்கொண்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதால் ஒற்றிப் பார்த்தார். காய்ந்த சிமெண்ட் தூசிதான் ஒட்டியது.

"அதிர்ஷ்டம்" என்றார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "வெறும் குருட்டு அதிர்ஷ்டம்."

"பந்தயம் பந்தயம்தான் அண்ணா."

"சரி, சரி. வீட்டுக்கு முன்னாடி ரயிலை நிறுத்து. நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

மேஸ்திரி கைதட்டினார். எதற்கோ அவருக்குக் கண்ணில் தண்ணீர். தூசி என்றார்.

பெரிய அடுப்பு வந்து இறங்கிய நாளில், பூசி முடித்த அடுப்பு அறையில் எல்லாரும் கூடினார்கள். ஜன்னல் மேடையில் முதல் கேக், கான்கிரீட் மிக்சர் உருவத்தில். கிடங்குக்காரரின் பெண் அதை இரக்கமே இல்லாமல் வெட்டினாள். அண்ணன் வாசலில் நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து, "சரியாத்தான் நிக்குது" என்று முணுமுணுத்தார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

பிறகு ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"என்ன அண்ணா இது?"

"பிரிச்சுப் பாரு. கடை தொடங்கறே, வெறுங்கையோட வர முடியுமா?"

பிரித்தாள். எவர்சில்வர் டப்பா. பெரியது, பளபளவென்று, மூடியில் பிடித்துத் தூக்க ஒரு குமிழ்.

"சர்க்கரை போட்டு வை" என்றார் அண்ணன் கரிசனமாக. "இதுல மூடி சுலபமாத் திறக்கும். உன் பழைய டப்பா இருக்கே, அது டப்பாவா, பேங்க் லாக்கரா? அதைத் திறக்கறதுக்குள்ள என் கட்டைவிரல் நகமே பேந்து..."

அங்கே நின்றுவிட்டார்.

மேஸ்திரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. கணவர் கேக்குக்கு ரசமட்டம் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

கிராம் அக்கா டப்பாவைப் பார்த்தாள், அண்ணனின் கட்டைவிரலைப் பார்த்தாள். புது நகம் பாதிதான் வளர்ந்திருந்தது. பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். எறும்புச் சாரை ஊர்ந்த இடம் சரியாக அவள் தலைக்கு மேலே இருந்தது.

"அண்ணா. இனிப்பே தொடாத ஆளுக்கு அன்னிக்குச் சர்க்கரை டப்பா எதுக்கு?"

அண்ணன் காது சிவந்தது. கெட்ட சீட்டு.

"அது வந்து பாப்பா... சர்க்கரை கலந்தா சிமெண்ட்டுக்குத் தூக்கம் வந்துடும். சீக்கிரம் இறுகாது. சைட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய வித்தைதான். நீ வண்டி தேடிப் போனதும் ஓரம் காய ஆரம்பிச்சுது. உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. மெஷினுக்குள்ள இருந்த லோடுல கொஞ்சம் கரைச்சு ஊத்தி, ஓரத்துல பரப்பச் சொன்னேன். இந்த மேஸ்திரி வாயைத் திறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணான். கொஞ்சம் பதட்டத்துல கூடுதலா விழுந்துடுச்சு, அதான் ஒரு நாள் அதிகமாத் தூங்கிடுச்சு. நான் மட்டும் என்ன, அன்னிக்கு ராத்திரி கண்ணை மூடினேனா?"

 கிராம் அக்கா டப்பாவை மேடையில் வைத்தாள்.

"அப்போ பந்தயம்?" என்றாள். "உன் கை பட்டா நான் தோத்த மாதிரின்னுதானே பேச்சு? அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த அறை இப்போ உன் ஹால்."

"என் கையா?" அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், கட்டைவிரலை மட்டும் லேசாக மடக்கிக்கொண்டு. "யார் சொன்னது கை பட்டுச்சுன்னு? கரண்டியாலதான் போட்டேன்."